கட்டளைச் சாளரமும் தமிழ் எழுத்தின் அகலமும்

கைப்பேசியில் தமிழ் எழுதுவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, இணைய இதழ் என எங்கும் தமிழ் தடையின்றி ஓடுகிறது. ஆயினும் கணினியுலகின் உள்ளறை ஒன்றில் தமிழ் இன்னும் தயங்கியே நிற்கிறது. வழங்கிக் கணினிகளைப் பராமரிக்கும் நிருவாகிகள் நாள்தோறும் பணிபுரியும் கட்டளைச் சாளரமே அவ்வுள்ளறை. படங்களோ பொத்தான்களோ அங்கு இல்லை. இருண்ட பின்புலத்தில் ஒரு வரி தோன்றும். நிருவாகி கட்டளையைத் தட்டுவார். கணினி விடையை வரியாகவே திருப்பித் தரும்.

இச்சாளரத்தைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வது நிருவாகிகளின் வழக்கம். எழுத்துரு, நிறம், வரியின் தொடக்கக்குறி, கட்டளைகளின் மாற்றுப்பெயர் ஆகிய அனைத்தையும் மாற்றியமைக்கலாம். அவ்வாறு அமைக்கும்போது தமிழுக்கு அங்கே எவ்வளவு இடமுண்டு, எங்கே இடர்ப்பாடு நேர்கிறது, அதற்கு மாற்று யாது என்பவற்றை மொழியியல் நோக்கில் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். நம் மாணவர்களுள் சிலர் நாளை வழங்கிக் கணினிகளின் பொறுப்பை ஏற்பர். தம் எழுத்தைப் பற்றிய அறிவு அவர்களுக்கு அங்கும் பயன்படும்.

1. கட்டங்களால் ஆன தாள்

கட்டளைச் சாளரத்தின் மறுபெயர் முனையம். தொடக்கத்தில் இது மென்பொருளன்று, தனியொரு கருவி. தொலைவிலுள்ள கணினியோடு கம்பிவழி இணைக்கப்பட்ட தட்டச்சு எந்திரமாக இருந்து, பின்னர்த் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியாயிற்று. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ‘விடி100’ என்னும் முனையம் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் திரையில் 24 வரிகள்; வரிக்கு 80 கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. இன்று நம் மடிக்கணினியில் திறக்கும் முனையச் சாளரம் அக்கருவியின் நடத்தையையே மென்பொருளால் பின்பற்றுகிறது. சாளரத்தை எவ்வளவு பெரிதாக இழுத்தாலும் உள்ளே இருப்பது கட்டங்களால் ஆன தாள்தான்.

இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. பால்மரங்கள் நிரை நிரையாக, ஒழுங்கான இடைவெளியில் நடப்பட்டிருக்கும். எந்த நிரையில் எத்தனையாவது மரம் என்று சொன்னால் இருளிலும் அதனைக் கண்டடையலாம். முனையமும் அவ்வாறே. ‘பத்தாம் வரி, முப்பதாம் கட்டம்’ என்று சொன்னால் இடங்காட்டி அங்கே போய் நிற்கும். மரங்களின் இடைவெளி ஒழுங்காக இருக்கும்வரைதான் இக்கணக்கு செல்லும்.

உரோமன் எழுத்துகளுக்கு இக்கட்டமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது. சீன எழுத்துகள் சதுர வடிவின. ஆதலால் ஓர் எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று ஒதுக்கினால் அவையும் செம்மையாக அமைந்துவிடுகின்றன. வலமிருந்து இடமாக எழுதப்படும் ஜாவி எழுத்துக்கு வேறுவகைச் சிக்கல் உண்டு. தமிழின் சிக்கல் இவற்றினின்றும் வேறானது. நம் எழுத்துகள் ஒரே அகலம் உடையனவல்ல. ‘ர’ குறுகியது, ‘ண’ அகன்றது, ‘ணௌ’ அதனினும் அகன்றது. ‘கொ’ என்னும் ஓரெழுத்தை வரைய மூன்று வடிவங்கள் வேண்டும்.

2. ஓர் ஊர்ப்பெயரை எண்ணும் ஐந்து வழிகள்

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குப் பாதை பிரியும் இடத்தில் உள்ளது சிம்பாங் பூலாய். மலாயில் ‘சிம்பாங்’ என்பது சந்தியைக் குறிக்கும். ‘பூலாய்’ என்பது நாம் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரத்தின் இனத்தைச் சார்ந்தது. இப்பெயரில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் சி, ம், பா, ங், பூ, லா, ய் என விரல் மடக்கி ஏழு என்பார். அது சரியான விடை. அதே வினாவைக் கணினியிடம் கேட்டால் விடை வேறாகும்.

யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே ‘சி’ ஒரே குறியீடு அன்று. ‘ச’ என்பதும் இகர ஒட்டுக்குறியும் சேர்ந்த இரண்டு. ‘ம்’ என்பது ‘ம’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. இவ்வாறு எண்ணினால் சிம்பாங் என்பதில் 8, பூலாய் என்பதில் 6, இடைவெளி 1, ஆக 15 குறியீடுகள். இவை வட்டில் சேமிக்கப்படும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும். இடைவெளி 1 பைட்டு. ஆகவே இப்பெயர் 43 பைட்டுகள்.

நான்காவது எண்ணிக்கை கட்டங்கள். ஒரு குறியீட்டுக்கு எத்தனை கட்டம் என்பதை முனையங்கள் ஓர் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கின்றன. பரவலாக வழங்கும் அட்டவணைகள் யூனிகோடின் வகைப்பாட்டை அடியொற்றியவை. அவ்வகைப்பாட்டில் தமிழின் புள்ளியும் ஈகார ஒட்டும் ‘இடங்கொள்ளாக் குறிகள்’. ஏனைய உயிர்க்குறிகள் ‘இடங்கொள்ளும் குறிகள்’. எனவே புள்ளிக்குச் சுழியம், பிறவற்றுக்கு ஒன்று. இக்கணக்கின்படி சிம்பாங் பூலாய் 12 கட்டங்கள் பெறும். ஐந்தாவது, எழுத்துருவின்படி திரையில் உண்மையாக வரையப்படும் வடிவத்தின் அகலம். அது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

ஏழு எழுத்து, பதினைந்து குறியீடு, நாற்பத்து மூன்று பைட்டு, பன்னிரண்டு கட்டம், எழுத்துருவின் அகலம். ஒரே பெயருக்கு ஐந்து அளவைகள். கட்டளைச் சாளரத்தில் தமிழ் தடுமாறுவதன் காரணம் முழுவதும் இவ்வைந்தின் முரண்பாட்டில் அடங்கியுள்ளது.

இம்முரண்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மேற்கண்ட அட்டவணைப்படி ‘கி’ இரண்டு கட்டம் பெறுகிறது. ‘கீ’ ஒரே கட்டம் பெறுகிறது. நம் இலக்கணம் எழுத்தை ஒலியின் கால அளவால் அளந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கட்ட அட்டவணையோ குறிலுக்கு இரண்டு கட்டமும் அதன் நெடிலுக்கு ஒன்றும் தருகிறது. ‘கு’, ‘கூ’ ஆகிய இரண்டுக்கும் இரண்டு கட்டம். அவற்றை எழுதத் தேவைப்படுவதோ ஒரே ஒருங்கிணைந்த வடிவம். மூன்று வடிவம் வேண்டும் ‘கொ’வுக்கும் அதே இரண்டு கட்டந்தான். இது தமிழர் மீது எவரும் வேண்டுமென்றே இழைத்த தீங்கன்று. ஒட்டுக்குறியின் தோற்றத்தை வைத்து வகுத்த பாகுபாட்டை, கட்டங்களை எண்ணும் வேறொரு பணிக்குக் கடனாகப் பயன்படுத்தியதன் விளைவு.

3. நகரா விசை தந்த பாடம்

கட்டமிட்ட எந்திரத்தில் தமிழைப் பொருத்தும் சிக்கலை நம் முன்னோர் முன்பே ஒருமுறை எதிர்கொண்டு தீர்த்துள்ளனர். தட்டச்சுப் பொறியும் அத்தகைய எந்திரமே. ஒரு விசையை அழுத்தினால் தாளுருளை ஒரு படி நகரும். படியின் அளவு மாறாது. 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுக்குள் அடக்கியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்து பணிபுரிந்த ஆர். முத்தையா இதற்கு வழி கண்டார். அவர் வகுத்த விசைப்பலகையோடு ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் தமிழ்த் தட்டச்சுப் பொறிகளைச் செய்தது. அவரது அமைப்பின் உயிர்நாடி ‘நகரா விசை’. அவ்விசையை அழுத்தினால் குறி தாளில் பதியும், தாளுருளை நகராது. அடுத்து அழுத்தும் மெய்யெழுத்து அதே இடத்தில் பதிந்து, குறியோடு இணைந்து ஓரெழுத்தாகும். இரண்டு விசை, ஓர் எழுத்து, ஒரே இடம்.

கணினியாளர் ‘இடங்கொள்ளாக் குறி’ என்று இன்று அழைப்பதும் நகரா விசையும் கருத்தளவில் ஒன்றே. வேறுபாடு யாதெனில், எந்தக் குறி நகர வேண்டும், எது நகரலாகாது என்பதைத் தட்டச்சுப் பொறியில் தமிழ் எழுத்தை நன்கறிந்த ஒருவர் முடிவு செய்தார். தமிழ்த் தட்டச்சர்கள் ‘கி’ என்பதை நகரா விசையால் ஒரே இடத்தில் அடித்தனர். முனைய அட்டவணையில் அந்த இகரக் குறி நகரும் விசையாகிவிட்டது.

இன்னொரு முரணும் கருதத்தக்கது. 1990களில் வழங்கிய திஸ்கி முதலிய எட்டுபிட்டுக் குறியீட்டு முறைகளில் எழுத்தின் வடிவத் துண்டுகளே குறியீடு பெற்றன. திரையில் தோன்றும் வரிசையிலேயே அவை சேமிக்கப்பட்டதால் கட்டமிட்ட சாளரத்திலும் ஒருவாறு பொருந்தின. ஆனால் அம்முறைகள் பலவாகப் பெருகி, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது. யூனிகோடு அக்குழப்பத்தை நீக்கியது. தேடலும் வரிசைப்படுத்தலும் எளிதாயின. அந்தப் பெரும் பயனுக்காக நாம் செலுத்திய சிறு விலையே கட்டளைச் சாளரத்தின் இடர்ப்பாடு.

4. கட்டளையின் இலக்கணம்

சாளரத்தை அமைக்கும் முறைக்குச் செல்லுமுன் அங்கே பேசப்படும் மொழியின் இலக்கணத்தைச் சற்றே நோக்குவோம். கட்டளைகளை வாங்கிப் பொருள்கொண்டு செயற்படுத்தும் மென்பொருளுக்கு ஷெல் என்று பெயர். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் உருவாக்கிய ‘பேஷ்’ அவற்றுள் பெருவழக்கானது. கட்டளை யாவும் ஏவல் வினைகள். விகுதி ஏதுமற்ற வினையடியே தமிழில் முன்னிலை ஒருமை ஏவலாகும்: எழுது, நகர்த்து, அழி. விடியற்காலைப் பெரட்டில் ஒலித்த கட்டளைகளும் இவ்வகையினவே. ஷெல்லின் கட்டளைகளும் அவ்வாறே சுருங்கிய ஏவல்கள். நகலெடுக்க ‘சிபி’, நகர்த்த ‘எம்வி’, அழிக்க ‘ஆர்எம்’, பட்டியலிட ‘எல்எஸ்’.

வேறுபாடு சொல்வரிசையில் உள்ளது. தமிழில் வினை இறுதியில் வரும். செயப்படுபொருளும் சேரிடமும் வேற்றுமை உருபால் அறியப்படும். ‘பட்டியலைக் கிடங்குக்கு நகலெடு’ என்றாலும் ‘கிடங்குக்குப் பட்டியலை நகலெடு’ என்றாலும் பொருள் மாறாது. ஷெல்லில் வினை முதலில் வரும், உருபு இல்லை, எது முன், எது பின் என்னும் வரிசையே வேற்றுமைப் பொருளைத் தரும். ‘சிபி’க்குப் பின் முதலில் வருவது மூலம், அடுத்து வருவது சேரிடம். மாற்றி எழுதினால் பழைய கோப்பு புதியதன் மேல் ஏறிப் புதியது அழிந்துபடும். புதிதாகக் கற்கும் தமிழ் மாணவர் இவ்விடத்தில் தடுமாறினால் அது அறிவுக்குறையன்று. உருபை நம்பிப் பழகிய மனம் வரிசையை நம்பப் பழகவேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் வேற்றுமைப் பாடத்தோடு இணைத்து இதனை விளக்கினால் இரண்டும் தெளிவாகும். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில், நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்பை மதித்த ஏற்பாடு.

5. சாளரத்தை அமைக்கும் முறை

இனி அமைப்புப் பணிக்கு வருவோம். முதலாவது, குறியீட்டு முறை. முனையம், ஷெல், தொலைவிலுள்ள வழங்கி ஆகிய மூன்றும் யூடிஎஃப்-8 முறையில் இயங்குமாறு செய்தல் வேண்டும். மூன்றில் ஒன்று மாறுபட்டாலும் தமிழுக்குப் பதில் வினாக்குறிகளோ பொருளற்ற குறிகளோ தோன்றும்.

இரண்டாவது, எழுத்துரு. கட்டளைகளுக்கு ஒரே அகலமுள்ள உரோமன் எழுத்துரு ஒன்றை முதன்மையாக வைத்து, தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான எழுத்துருவைத் துணையாக வைப்பது நல்லது. மேக் கணினியில் மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி உள்ளது. தமிழில் ‘ழு’, ‘ஞூ’ முதலியன வரிக்குக் கீழே நீளும். ‘கீ’, ‘க்’ முதலியன மேலே எழும். ஆகவே வரிகளுக்கிடையே சற்று மிகுதியாக இடம் விடுதல் வேண்டும். இல்லையேல் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் மோதும்; புள்ளி மறைந்தால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

மூன்றாவது, முனையத்தைச் சோதித்தல். வரியின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் என்று நான்கைந்து முறை தட்டுக. பின்னர் இடங்காட்டியை இடப்புறம் நகர்த்தி நடுவிலுள்ள ஓரெழுத்தின்மேல் நிறுத்தி அதனை அழிக்க. நாம் பார்த்த எழுத்தே அழிந்தால் அம்முனையமும் ஷெல்லும் ஒரே கணக்கைப் பின்பற்றுகின்றன. பக்கத்து எழுத்து அழிந்தால் இரண்டும் வெவ்வேறு கணக்கில் உள்ளன. இது வெறும் அழகுக்குறை அன்று. அழிக்கும் கட்டளையின் பின் ஒரு தமிழ்க் கோப்புப் பெயரைத் திருத்தும்போது கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் கணினி கொள்வது ஒன்றுமாக இருந்தால், வேண்டிய கோப்பு அழியும். ‘ஆர்எம்’ கட்டளைக்குக் குப்பைத்தொட்டி இல்லை, போனது போனதுதான்.

நான்காவது, தூண்டுகுறி. கட்டளையை எதிர்பார்த்து வரியின் தொடக்கத்தில் ஷெல் காட்டும் குறி இது. பயனர் பெயர், கணினியின் பெயர், அப்போதைய அடைவு ஆகியவற்றை இதில் வைப்பது வழக்கம். பல வழங்கிகளைக் கவனிப்பவர், மக்கள் பயன்பாட்டில் உள்ள வழங்கிக்குச் சிவப்பும் சோதனைக் கணினிக்குப் பச்சையும் இட்டுக்கொள்வர். எந்தக் கணினியில் நிற்கிறோம் என்பதை நிறமே நினைவூட்டும். நிறத்தை மாற்றும் மறைகுறிகளில் சிவப்பின் எண் 31, பச்சையின் எண் 32. அக்குறிகள் திரையில் தெரியாதவை. ஆனால் ஷெல் அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடும். ஆகவே பேஷ் ஷெல்லில் பின்சாய்கோட்டுடன் கூடிய பகர அடைப்புகளுக்குள் அவற்றை வைத்து, ‘இவை இடங்கொள்ளாதவை’ என்று அறிவிக்கவேண்டும். மறந்தால் நீண்ட கட்டளை தன்மீதே மடிந்து எழுதப்படும். நகரா விசையின் தத்துவம் இங்கே மூன்றாம் முறையாகத் தலைகாட்டுவதைக் காண்க.

தூண்டுகுறியில் தமிழ் வைக்கலாமா? வைக்கலாம், இரு வரியாக அமைப்பது ஏற்ற முறை. முதல் வரியில் ‘ஈப்போ வழங்கி, மாணவர் அடைவு’ என்பது போலத் தமிழில் எழுதி, அடுத்த வரியில் டாலர் குறியை மட்டும் வைக்கவேண்டும். கட்டக்கணக்குப் பிழை, இடங்காட்டி நகரும் வரியில் மட்டுமே தீங்கு செய்யும். தமிழ் மேல்வரியில் இருந்தால் அதன் அகலம் எதுவாயினும் தட்டும் வரி செம்மையாக இருக்கும்.

ஐந்தாவது, மாற்றுப்பெயர். பேஷ் ஷெல்லில் கட்டளைகளுக்குத் தமிழ் மாற்றுப்பெயர் சூட்டலாம். விரிவான பட்டியலுக்குப் ‘பட்டியல்’, வட்டில் எஞ்சிய இடத்தை அறிய ‘இடமெவ்வளவு’, ஒவ்வொன்றாகக் கேட்டு அழிப்பதற்குக் ‘கேட்டழி’ என்று வைத்துக்கொள்ளலாம். இறுதிப்பெயரில் ஒரு பாதுகாப்பும் உண்டு. சிலர் ‘ஆர்எம்’ என்னும் பெயரையே ‘கேட்டு அழிப்பது’ என்று மாற்றி வைப்பர். அதில் பழகிய கை, அம்மாற்றம் இல்லாத வேறொரு கணினியில் அதே கட்டளையைத் தட்டும். அங்கே கேள்வியின்றி எல்லாம் அழியும். ‘கேட்டழி’ என்று தனிப்பெயர் வைத்திருந்தால், அறியாத கணினி ‘இக்கட்டளை இல்லை’ என்று சொல்லி நிற்கும், இழப்பு நேராது. மாறிகளின் பெயர்களுக்கு மட்டும் பேஷ் உரோமன் எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே ஏற்கும்.

ஆறாவது, வரலாறு. தட்டிய கட்டளைகளை ஷெல் நினைவில் வைத்திருக்கும். பேஷ் இயல்பாக வைத்திருப்பது 500. அதனைப் பல்லாயிரமாக உயர்த்தி, ஒவ்வொரு கட்டளையோடும் நாளும் நேரமும் பதியுமாறு செய்துகொள்வது நிருவாகிக்கு இன்றியமையாதது. தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் போல, எப்போது என்ன நடந்தது என்பதற்கு அதுவே சான்று. இவ்வமைப்புகள் அனைத்தும் பயனரின் அடைவிலுள்ள, புள்ளியில் தொடங்கும் பெயருடைய ‘பேஷ்ஆர்சி’ கோப்பில் எழுதப்படும். புள்ளியில் தொடங்கும் கோப்புகள் இயல்பான பட்டியலில் மறைந்திருக்கும் என்பதை நினைவில் கொள்க.

6. கோப்புப் பெயரும் அகரவரிசையும்

லினக்ஸ் இயங்குதளம் தமிழ்க் கோப்புப் பெயர்களைத் தடையின்றி ஏற்கும். ஆயினும் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே வரம்பு. உரோமனில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு. இடைவெளியோடு கூடிய நம் ஊர்ப்பெயரை அவ்வரம்புக்குள் ஐந்து முறை எழுதலாம். ஆறாம் முறைக்கு இடமில்லை. நீண்ட தலைப்புகளைக் கோப்புப் பெயராக வைக்கும் ஆசிரியர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

அதனினும் நுண்ணிய சிக்கல் இரட்டை வடிவம். ‘கொடி’ என்னும் சொல்லின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே அடைவில் ‘கொடி’ என்னும் பெயரில் இரு கோப்புகள் நிற்கக் காணலாம். ‘க’ என்னும் எழுத்தும் தமிழெண் ஒன்றும், ‘எ’ என்னும் எழுத்தும் தமிழெண் ஏழும் தோற்றத்தில் ஒத்திருப்பதாலும் இத்தகைய மயக்கம் நேரும். ஐயம் எழும்போது பெயரைப் பைட்டுகளாகப் பிரித்துக் காட்டும் கட்டளையால் உண்மையை அறியலாம்.

வரிசைப்படுத்தலிலும் கவனம் தேவை. யூனிகோடில் தமிழ் மெய்களின் இடவைப்பு நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. ‘ன’ அங்கே ‘ந’வுக்கு அடுத்து உள்ளது, ‘ற’ ‘ர’வுக்கு அடுத்து உள்ளது, ‘வ’ ‘ழ’வுக்குப் பின் உள்ளது. அலை, அவை, அழகு, அளவு, அறம், அன்பு என்பது நம் அகரவரிசை. குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அன்பு, அறம், அலை, அளவு, அழகு, அவை என்றாகிவிடும். பக்கம் என்பதும் பகல் என்பதற்குப் பின் தள்ளப்படும்; புள்ளியின் எண் மெய்களின் எண்களைவிடப் பெரிது. மாணவர் பெயர்ப்பட்டியலை அச்சிடும் பள்ளிக்கு இது சிறு பிழையன்று. தமிழ் வட்டார அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழுக்கென வகுத்த வரிசைவிதிகள் செயற்படும்.

7. எங்கே தமிழ், எங்கே பொதுமொழி

வட்டார அமைப்பு என்பது செய்தியின் மொழி, நாள், நாணயம், வரிசை ஆகியவற்றைத் தனித்தனியே தீர்மானிக்கும் தொகுதி. லினக்ஸில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தமிழ்த் தொகுதிகள் உள்ளன. மலேசியாவுக்கு மலாய்த் தொகுதி உண்டு. இந்தியத் தமிழை முழுவதுமாக ஏற்றால் ரிங்கிட்டுக்குப் பதில் ரூபாய்க் குறி வரும். ஆகவே செய்தியும் வரிசையும் தமிழாகவும், நாணயமும் அதன் எண்வடிவும் மலேசியாவுக்குரியனவாகவும் கலந்து அமைப்பதே நமக்குப் பொருந்தும். ஒவ்வொன்றும் தனி மாறியாக இருப்பதால் இது எளிது.

எல்லாவற்றையும் தமிழாக்கிவிடுவது நிருவாகப் பணிக்கு ஏற்றதா என்னும் வினாவும் எழுகிறது. நம் கருத்து இதுதான்: மனிதர் படிப்பதைத் தமிழில் வைக்கலாம், எந்திரம் படிப்பதைப் பொதுவடிவில் வைக்கவேண்டும். தூண்டுகுறி, மாற்றுப்பெயர், பயனர்க்கான அறிவிப்பு, செய்குறிப்பு ஆகியன மனிதர்க்கானவை. தானே இயங்கும் நிரல்களும் வழங்கியின் பதிவேடுகளும் எந்திரத்துக்கானவை. பிழைச்செய்தியைத் தேடி உலகெங்குமுள்ள நிருவாகிகளின் விடைகளைப் பெறவேண்டும் என்றால் பதிவேடு ஆங்கிலத்தில் இருப்பதே பயன். ஆகவே நிரல்களின் தலைப்பில் ‘சி’ எனப்படும் அடிப்படை வட்டாரத்தைக் குறித்துவிடுவது நல்வழக்கம். தமிழ் அகரவரிசை வேண்டும் கட்டளைக்கு மட்டும் தமிழ் வட்டாரத்தைத் தனியே தரலாம்.

8. எஞ்சிய பணி

கட்டக்கணக்கின் சிக்கலுக்கு நிலையான தீர்வு உண்டா? உண்டு. யூனிகோடு தன் துணையறிக்கை ஒன்றில், பயனர் ஓரெழுத்து என உணரும் குறியீட்டுக் கூட்டத்தை வரையறுத்துள்ளது. அவ்வரையறையில் ‘சி’ ஒன்று, ‘ம்’ ஒன்று, ‘பா’ ஒன்று. தொடக்கப்பள்ளி மாணவர் விரல் மடக்கிச் சொன்ன ஏழு என்னும் விடையைக் கணினியும் தரவல்லது. அண்மைக்கால முனைய மென்பொருள்கள் சில இக்கூட்டத்தையே அலகாகக் கொள்ளத் தொடங்கியுள்ளன. முனையம் மட்டும் மாறினால் போதாது. ஷெல்லும் தொகுப்பிகளும் தொலைவிலுள்ள வழங்கியும் ஒரே கணக்கைக் கொள்ளவேண்டும். அதுவரை மேலே கூறிய இருவரித் தூண்டுகுறி முதலிய ஏற்பாடுகள் நமக்குத் துணைநிற்கும்.

அந்த மாற்றத்தில் தமிழறிந்தோர்க்குப் பங்குண்டு. உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000இல் சிங்கப்பூரில் தோன்றியது. அடுத்த ஆண்டே தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அன்று எழுத்துருவும் விசைப்பலகையும் முதன்மையாக இருந்தன. அவை பெரிதும் கைகூடின. கட்டளைச் சாளரம் போன்ற உள்ளறைகள் எஞ்சி நிற்கின்றன. கட்டற்ற மென்பொருள்களின் பிழைப்பட்டியல் எவருக்கும் திறந்தது. எந்த முனையத்தில் எந்தத் தமிழெழுத்து எத்தனை கட்டம் பெறுகிறது, உண்மையில் எத்தனை பெறவேண்டும் என்பதை உயிர்மெய் 216க்கும் சோதித்து அட்டவணையிடுவது ஒரு மாணவர் குழு சில வாரங்களில் செய்துமுடிக்கக்கூடிய பணி. அதற்குக் கணினியறிவு ஓரளவும், நெடுங்கணக்கறிவு முழுமையும் வேண்டும்.

மலாயாவில் பணிபுரிந்த ஒருவர், எந்தக் குறி நகரும், எது நகராது என்று எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்ததால் தமிழ் தட்டச்சுப் பொறியில் ஏறியது. கட்டளைச் சாளரத்துக்கும் அத்தகைய பொறுமையான கணக்கே தேவைப்படுகிறது. அக்கணக்கைத் தொடங்க நம் வகுப்பறையில் ஒரு கணினியும் ஓர் அரிச்சுவடியும் இருந்தால் போதும்.